கொடுவாவுக்கு லூர் வீச எந்த ராடு? வேலூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் ஏரிகளில் தூண்டில் போட்டுப் பழகிய நண்பர்கள் பலர், சில ஆண்டுகளாகக் கொடுவா மீனைத் தேடிக் கடற்கரைக்குப் போய்வருகிறார்கள். முதல் ராடு (தூண்டில் கோல்) வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒரே பதிலைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, ராடு மேல "சீ பாஸ்"னு போட்டிருக்கே, அது நம்ம கொடுவாதானே?

எல்லா நேரமும் அல்ல. அந்தப் பெயரில் உலகச் சந்தையில் குறைந்தது மூன்று மீன்கள் இருக்கின்றன. நம் கடற்கரையில் கிடைக்கும் கொடுவாவை வங்காளத்தில் பேட்கி என்றும் ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் சொல்கிறார்கள். ஜப்பானியர் சுசூகி என்று அழைப்பது வேறு மீன்; ஐரோப்பியக் கடலில் கிடைப்பது இன்னொன்று. ஜப்பானில் தயாராகிப் பெட்டியில் "சீ பாஸ்" என்று அச்சிட்டு வரும் ராடுகளில் பெரும்பாலானவை சுசூகியை நினைத்துச் செய்யப்பட்டவை. அதனால் வரும் சிக்கலைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கொடுவா பதுங்கி அடிக்கும் மீன். பாறை, பாலத்தூண், அலையாத்தி வேர் போன்ற ஏதாவது ஒன்றின் ஓரமாக நின்று, அருகில் வரும் மடவைக் குஞ்சையோ இறாலையோ வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்ளும். மாட்டியதும் அதே மறைவுக்குள் திரும்ப ஓடப் பார்க்கும். இல்லையென்றால் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். ஓட்டத்தை முதல் சில நொடிகளில் திருப்பும் வலுவும், உதறலுக்கு வளைந்து கொடுக்கும் மென்மையும் ஒரே ராடில் வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பெறுவது என்பதைப் பற்றியவைதான்.

வேலூர்ல இருந்து கொடுவாவுக்கு எங்கதான் போறது? இடத்துக்கு ஏத்த மாதிரி ராடு மாறுமா?

மாறும். சொல்லப்போனால், மீனைப் பார்த்து ராடு வாங்குவதைவிட, நீங்கள் நிற்கப்போகும் இடத்தையும் வீசப்போகும் லூரின் (செயற்கை இரையின்) எடையையும் பார்த்து வாங்குவதுதான் சரி. நமக்கு உறவு சொல்லிக்கொள்ளும்படியான இடம் பாலாற்று முகத்துவாரம். நந்தி மலையில் தோன்றி 348 கி.மீ. ஓடும் பாலாறு, நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்தாலும், கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகில் கடலில் சேர்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகலாம். அணுமின் நிலையத்தை ஒட்டிய கடற்கரையில் தடை செய்யப்பட்ட பகுதி உண்டு என்பதால், உள்ளூர் மீனவர்களைக் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. இதைத் தவிர முட்டுக்காடு, எண்ணூர், பழவேற்காடு ஆகிய உப்பங்கழிகளும் கொடுவா இருக்கும் நீர்தான். கொடுவா உப்பு நீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழி வழியாக உள்ளே ஏறி வளரும். ஆகவே வடகிழக்குப் பருவமழையில் மணல்திட்டு உடைந்து ஆறும் கடலும் கலக்கும் நாட்களை அனுபவசாலிகள் தவறவிடுவதில்லை.

நிற்கும் இடம் மூன்று வகைப்படும். அலையடிக்கும் திறந்த கரையிலும், கடலுக்குள் நீளும் கற்குவியலின் மேலும் நின்றால் தூரம் வேண்டும். அலைக்கு மேலே நூலைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். அதற்கு 9 முதல் 9½ அடி. (அந்தக் கற்குவியலுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் "தூண்டில் வளைவு". மண் அரிப்பைத் தடுக்கக் கட்டியதுதான், ஆனாலும் பெயர் நமக்காகவே வைத்தது போல இருக்கிறது.) கழியின் கரையில் நின்றால் 8 அடி போதும். படகில் அமர்ந்து அலையாத்தி ஓரமாக வீசுவதானால் 6½ முதல் 7 அடிக்கு மேல் நீளம் கூடாது. கிளை இடிக்கும், பக்கத்தில் இருப்பவரின் தொப்பியும் கொக்கியோடு போகும்.

மூணு ராடு வாங்க வசதி இல்ல. ஒண்ணே ஒண்ணுன்னா எது?

8 அடி, இரண்டு துண்டு, ஸ்பின்னிங் வகை (நூல் சுற்றும் ரீல் ராடுக்குக் கீழே தொங்குவது), லூர் எடை 10–35 கிராம் என்று குறிப்பிட்டிருக்கும் மீடியம் ஹெவி ராடு. அதோடு 4000 அளவு ரீல், பி.ஈ. (நூலின் பருமன் எண்) 1.5 அல்லது 2 பின்னல் நூல், 40 பவுண்டு லீடர் (நூலின் முனையில் இணைக்கும் தடித்த நூல்). கழிக்கு இது சரியாக இருக்கும். கடற்கரையில் கொஞ்சம் தூரம் குறையும். படகில் கொஞ்சம் நீளமாகத் தோன்றும். ஆனால் எந்த இடத்திலும் உங்களைக் கைவிடாது. நானே முதல் மூன்று ஆண்டுகள் இந்த ஒரே ராடோடுதான் போய்வந்தேன்.

ராடு மேல ஏதேதோ நம்பர் எழுதியிருக்காங்க, ஒண்ணும் புரியல.

கைப்பிடிக்குச் சற்று மேலே "எஸ் 802 எம்.எச்." என்று இருந்தால், எஸ் என்பது ஸ்பின்னிங்கையும், 80 என்பது 8 அடி 0 அங்குலத்தையும், 2 என்பது இரண்டு துண்டு என்பதையும், எம்.எச். என்பது மீடியம் ஹெவி வலுவையும் குறிக்கும். ஜப்பான் ராடுகளில் துண்டுக் கணக்கை விட்டுவிட்டு "86 எம்.எல்." என்று மட்டும் போடுவது உண்டு; அதாவது 8 அடி 6 அங்குலம், மீடியம் லைட்.

அடுத்து வருவது லூர் எடை. அது கிராமில் இருக்கும், அல்லது அவுன்ஸில் இருக்கும். ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். நீங்கள் அதிகமாக வீசும் லூரின் எடை இந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். 12 செ.மீ. மின்னோ (சிறுமீன் வடிவ லூர்) பெரும்பாலும் 15 முதல் 20 கிராமுக்குள் இருக்கும். 5 அங்குல ரப்பர் மீனை ஈயத்தலைக் கொக்கியில் கோத்தால் 20 முதல் 25 கிராம் வரும். 10–35 என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். 40 கிராம் லூரை அதில் ஒரு தடவை மெதுவாக வீசினால் ராடு உடைந்துவிடாது. முழு வேகத்தில் நாள் முழுக்க வீசினால் உடையலாம். கடைசியாக வரும் பி.ஈ. எண் நூலின் பருமனைக் குறிப்பது. பி.ஈ. 1 என்பது 0.165 மி.மீ., பி.ஈ. 2 என்பது 0.235 மி.மீ.

எம்.எச்.னா எல்லாக் கம்பெனியிலயும் ஒரே வலுதானே?

இல்லை. லைட், மீடியம், ஹெவி என்பவற்றுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் ராடுகளுக்குள்ளேயே ஒப்பிட்டு வைத்துக்கொள்ளும் பெயர்கள் அவை. ஏரி மீனுக்குச் செய்த எம்.எச். ராடும், கடற்கரைக்குச் செய்த எம்.எச். ராடும் கையில் எடுத்தால் இரண்டு வேறு பொருள்கள். எனவே எழுத்தை விட்டுவிட்டு, முந்தைய பதிலில் சொன்ன கிராம் கணக்கை நம்புங்கள்.

ஏற்கெனவே விரால் ராடு வெச்சிருக்கேன். அதுவே போதாதா?

நம் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியில் தாமரை இலைக்கு நடுவே தவளை லூர் வீசுவதற்கு வாங்கிய 7 அடி ஹெவி ராடு பலரிடம் இருக்கிறது. செடிக்குள்ளிருந்து விராலை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவருவதுதான் அதன் வேலை. படகிலிருந்து அலையாத்தி ஓரத்தில் 25 கிராம் ரப்பர் மீனை வீசுவதற்கு அந்த ராடு நன்றாகவே பயன்படும். புதிதாக எதுவும் வாங்காமல் முதல் பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.

கரையிலிருந்து வீசும்போதுதான் அதன் குறை தெரியும். நுனி விறைப்பாக இருப்பதால் 12 கிராம் மின்னோ அதை வளைக்காது. வளையாத ராடிலிருந்து லூர் தூரம் போகாது. இரண்டாவது, விராலுக்குத் தவளை லூரில் இருப்பது தடித்த இரட்டைக் கொக்கி. கொடுவாவுக்கு வீசும் மின்னோவில் இருப்பது சிறிய முக்கொக்கி. மீன் துள்ளித் தலையை உதறும் நேரத்தில் ராடு விறைப்பாக நின்றால் ஒன்று கொக்கி நிமிரும், இல்லாவிட்டால் வாயோரம் கிழிந்து மீன் போய்விடும். ஏரியில் நல்ல கைப்பழக்கம் உள்ள ஒரு நண்பர், விரால் ராடோடு முட்டுக்காட்டுக்கு வந்து ஒரே காலையில் மூன்று கொடுவாவை இப்படித் துள்ளலில் இழந்தார். மூன்றாவது போனதும் நூலைச் சுற்றிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஃபாஸ்ட் ஆக்‌ஷன் நல்லதா, மாடரேட் நல்லதா?

ஃபாஸ்ட் என்றால் ராடு நுனிப்பகுதியில் மட்டும் வளையும். மாடரேட் என்றால் நடுப்பகுதி வரை வளையும். ஆக்‌ஷன் என்பது வளையும் இடம், பவர் என்பது வளைக்கத் தேவைப்படும் விசை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஒற்றைக் கொக்கி கொண்ட ரப்பர் மீனை அடியில் தட்டித் தட்டி இழுப்பவருக்கு ஃபாஸ்ட் நல்லது. கடி உடனே கைக்குத் தெரியும், கொக்கியும் ஆழமாக ஏறும். முக்கொக்கி மின்னோவை அதிகம் வீசுபவருக்கு மாடரேட் ஃபாஸ்ட் நல்லது. காரணத்தை விரால் ராடு பற்றிய பதிலில் பார்த்தோம். பின்னல் நூல் அவ்வளவாக இழுபடாது என்பதால், இழுபட்டுக் கொடுக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் ராடின் மேல் விழுகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டிங்கா?

புதியவருக்கு ஸ்பின்னிங். எதிர்க்காற்றிலும் இலேசான லூரிலும் பெய்ட்காஸ்டிங் ரீல் (ராடின் மேலே உட்காருவது) நூலைச் சிக்காக்கும். கடற்கரையில் காற்று இல்லாத நாள் குறைவு. படகிலிருந்து வேர்களுக்கு இடையே குறிபார்த்து வீசுவதில் பெய்ட்காஸ்டிங் மேலானது என்பதை மறுக்கவில்லை. இரண்டுக்கும் ராடு வேறு. ரீல் பிடிமானமும் நூல் ஓடும் வளையங்களின் அளவும் மாறும் என்பதால் மாற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

30 டன், 40 டன் கார்பன்னு சொல்லி விலையை ஏத்துறாங்களே, அது என்ன?

கார்பன் இழையின் விறைப்பைக் குறிக்கும் எண் அது. எண் கூடக்கூட அதே விறைப்பைக் குறைந்த பொருளில் பெறலாம். ராடு மெலிதாகவும் இலேசாகவும் இருக்கும், கடி நன்றாகத் தெரியும். ஆனால் சுவர் மெலிந்துபோவதால், பாறையில் ஒரு முறை இடிபட்டாலே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அடுத்த பெரிய மீனில் அங்கேயே முறியும். கற்குவியலில் ஏறி இறங்குபவர்களுக்கு 24 அல்லது 30 டன் ராடே நிம்மதி. முழுக்கக் கண்ணாடி இழையால் ஆன ராடு எளிதில் உடையாது. ஆனால் 8 அடி நீளத்தில் அதை நாள் முழுக்க வீசினால் தோள்பட்டை கழன்றுவிடும்.

இன்னொன்று: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கழியோரப் பாலங்களின் அருகே மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு ராடை நிமிர்த்துங்கள். இடி கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். மழைக்காலம்தான் கொடுவாவுக்கு நல்ல காலம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளையத்துல என்ன இருக்கு, எல்லாம் கம்பிதானே?

விலை மலிந்த ராடுகளில் அங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்கள். பின்னல் நூல் உப்பும் மணலும் சேர்ந்தால் அரம் போல அறுக்கும். பூச்சு மட்டும் பூசிய கம்பி வளையத்தில் சில மாதங்களில் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளம் திரும்ப நூலை அறுக்கும். உள்ளே பீங்கான் வளையம் பதித்த ராடாக வாங்குங்கள். அலுமினியம் ஆக்சைடு போதுமானது. சிலிக்கான் கார்பைடு அதைவிட வழவழப்பானது. ஃபூஜி என்ற ஜப்பானியத் தயாரிப்பாளரின் வளையம் பொருத்தியிருந்தால் பெரும்பாலும் அதைக் குறிப்பிட்டே விற்பார்கள். முன்னோக்கிச் சாய்ந்த கால்களைக் கொண்ட வளையங்களில் நூல் சுற்றிக்கொண்டாலும் தானாக வழுக்கி வெளியேறும். கடற்காற்றில் அது பெரிய உதவி.

நூலையும் லீடரையும் இணைக்கும் முடிச்சு நுனி வளையத்தில் தட்டாமல் போகிறதா என்பதையும் பாருங்கள். கொடுவாவின் வாய் உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. செவுள் மூடியின் ஓரம் கத்தி. அதனால் லீடர் தடிமனாக இருக்கும், முடிச்சும் பெரிதாகும்.

பஸ்ல எடுத்துட்டுப் போகணும். ஒரே துண்டு ராடுதான் நல்லதுன்னு சொல்றாங்களே?

சொல்பவர்களிடம் கார் இருக்கும். 8 அடி ராடு இரண்டு துண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் 4 அடிக்குச் சற்று மேல்; பேருந்தில் கால்களுக்கு இடையே நிறுத்திப் பிடித்துக்கொள்ளலாம், ரயிலில் பைகள் வைக்கும் தட்டில் படுக்க வைக்கலாம். நான்கு துண்டாகப் பிரியும் பயண ராடுகள் முதுகுப்பையிலேயே அடங்கும். இணைப்புகளால் வளைவு கெட்டுவிடும் என்ற குறை பழைய ராடுகளுக்குப் பொருந்தியது. இன்றைய நல்ல ராடுகளில் வேறுபாடு கைக்குத் தெரிவது அரிது. நான்கு துண்டில் கவலை வேறு: வீச வீச இணைப்பு தளரும். அரைமணிக்கொரு முறை அழுத்திப் பாருங்கள். தளர்ந்த நிலையில் வீசினால் பெண்துண்டின் (மற்றதை உள்ளே வாங்கும் துண்டின்) வாய் பிளந்துவிடும். இணைப்பில் மெழுகுவத்தியை இலேசாகத் தேய்த்தால் பிடிப்பு நிற்கும்.

ராடை உறையில் மட்டும் வைத்து எடுத்துப் போகாதீர்கள். 2 அங்குல பி.வி.சி. குழாயைத் தேவையான நீளத்துக்கு அறுத்து, இரு பக்கமும் மூடி போட்டுக்கொள்ளுங்கள். வளையம் பெரிதாக இருந்தால் 3 அங்குலம். இந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஜப்பான் "சீ பாஸ்" ராடு 96 எம்.எல். நல்ல விலைக்கு வருது. வாங்கலாமா?

இங்கேதான் முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டும். சுசூகிக்குச் செய்த 9½ அடி மீடியம் லைட் ராடு, மெல்லிய நூலில் இலேசான லூரை வெகுதூரம் வீசுவதற்கானது. திறந்த மணற்கரையில் 2, 3 கிலோ கொடுவாவுக்கு அது இன்பமான கருவி. மீனை ஓடவிட்டுப் பிடிக்க அங்கே இடம் இருக்கிறது. அதையே பாறைக்கும் பாலத்தூணுக்கும் அருகே கொண்டுபோனால், ராடு வளைந்துகொண்டே இருக்கும், மீன் போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தொடரிலேயே எம்.எச். கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். எம்.எல். என்றால், இரண்டாவது ராடாக வாங்குங்கள்.

ராடுல பி.ஈ. 1–2னு இருக்கு. நான் பி.ஈ. 3 போட்டா பெரிய மீன் தப்பாதுல்ல?

மீன் தப்பாமல் போகலாம்; ராடு தப்பாது. பொருத்தமான நூல் இருந்தால், ஏதாவது பிசகும்போது முதலில் அறுவது நூலாக இருக்கும். நூல் ராடைவிட வலுவானால் முறிவது ராடுதான். பி.ஈ. 2 நூல் ஏறக்குறைய 30 பவுண்டு, அதாவது 13 கிலோவுக்கு மேல் தாங்கும். அதில் கால் பங்கு, சுமார் 3 கிலோ, டிராக் (ரீல் நூலை விட்டுக்கொடுக்கத் தொடங்கும் இழுவை) வைத்தால் போதும். நூல் நுனியைக் கொக்கித் தராசில் மாட்டி, ராடைச் சாய்வாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். 3 கிலோ என்பது கையில் எவ்வளவு பெரிய இழுவை என்பது அப்போதுதான் தெரியும். அதற்குமேல் பிடிவாதம் பிடிக்கும் கொடுவா அடிக்கடி வருவதில்லை. மேலும், தடித்த நூல் காற்றில் வயிறு போட்டு, வீசும் தூரத்தையும் குறைக்கும்.

கடையில வாங்கும்போது என்ன பார்க்கணும்? அங்க வீசிப் பார்க்க முடியாதே.

வீட்டிலிருந்து உங்கள் ரீலை எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டிப் பிடித்தால் எடை சமநிலைப்படும் இடம் ரீலுக்கு அருகில் இருக்க வேண்டும். நுனி கவிழ்ந்தால் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். ராடைக் கண்ணுக்கு நேரே வைத்து, வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் சிறிது பஞ்சைச் சுழற்றுங்கள். நூலிழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. பிறகு ரீலில் இருந்து நூலைக் கோத்து, கடைக்காரரை நூலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். வளைவு ஒரே ஓட்டமாக வர வேண்டும். இணைப்பில் முழங்கை மாதிரி மடிந்தால் அந்த ராடு வேண்டாம். ராடின் நுனியைக் கையால் பிடித்து வளைத்துப் பார்ப்பது மட்டும் கூடாது.

வீசிப் பார்க்க வேண்டுமென்றால், நம்மிடம் பாலாறு இருக்கிறது. கொக்கியைக் கழற்றிய பழைய லூரைக் கட்டி, மணலில் 30 அடி தூரத்தில் ஒரு தேங்காய் ஓட்டை வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத காலையில் வீசிப் பழகுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தவருக்கு முட்டுக்காட்டில் முதல் நாளே கை வரும்.

மீன் கிட்ட வந்ததும் ராடை வெச்சே தூக்கிடலாமா?

தூக்கக் கூடாது. ராடுகள் உடைவதில் பெரும்பகுதி இந்தக் கடைசி ஒரு மீட்டரில்தான். மீன் காலடியில் இருக்கும்போது ராடைச் செங்குத்தாக நிமிர்த்தினால், சுமை முழுவதும் அடிப்பகுதியை விட்டுவிட்டு மெலிந்த நுனிக்குப் போய்விடும். ராடை 45 டிகிரிக்கு மேல் உயர்த்தாமல், பின்னால் இரண்டு அடி நடந்து மீனை வலைக்குள் இழுங்கள். செவுளில் விரலை விடாதீர்கள். கிழித்துவிடும் என்று முன்பே சொன்னேன்.

கொடுவா பெரும்பாலும் ஆணாகப் பிறந்து, வளர்ந்து பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன். முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்தைப் போல இரண்டு மடங்கு மீன் வந்தால், அது முட்டையிடும் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைத் திரும்ப விடும் எண்ணம் இருந்தால், ராடில் வலு இருப்பது இன்னொரு வகையிலும் பயன்படும்: மீனைக் களைத்துப்போகும் அளவுக்கு இழுத்தடிக்காமல் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவரலாம்.

ராடு உடைஞ்சா அது நம்ம தப்பா, கம்பெனி தப்பா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

உடைந்த இடம் ஓரளவுக்குச் சொல்லும். நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் முறிந்தால், பெரும்பாலும் செங்குத்தாகத் தூக்கியதோ முன்பு எங்கோ இடிபட்டதோ காரணம். இணைப்பு பிளந்தால், தளர்ந்த நிலையில் வீசியிருப்போம். கைப்பிடிக்குச் சற்று மேலே, சாதாரண எடையில், முதல் சில நாட்களுக்குள் முறிந்தால் மட்டும் ரசீதோடு கடைக்குப் போய்ப் பேசலாம். நுனியில் ஓரிரு அங்குலம் போயிருந்தால், மிச்சமிருக்கும் முனையின் பருமனுக்கு ஏற்ற நுனி வளையம் வாங்கி, சூடாக்கி உருக்கும் பசையால் ஒட்டிக்கொள்ளலாம். நுனி கொஞ்சம் விறைக்கும்; வேறு குறை இராது.

என் 8 அடி ராடு முறிந்தது மீனால் அல்ல. செங்கல்பட்டில் பேருந்து மாறும்போது, துணி உறையில் இருந்த ராடின் நுனி கதவுக்கும் படிக்கும் நடுவே இருந்ததை நான் கவனிக்கவில்லை. நடத்துனர் கதவை இழுத்தார். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். நான்கு அங்குலம் போயிற்று. மறுநாள் ஆரணி சாலையில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் பி.வி.சி. குழாய் வாங்கினேன், அந்த ராடு, நான்கு அங்குலம் குறைந்த நிலையிலேயே, இப்போதும் அதற்குள்தான் இருக்கிறது.